வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று முதலில் கேட்பவருக்கு

மழை ஓயாத மண்ணில் மனம் சோராத மாண்பாளரே! அலைகடல் நடுவே அறுந்து கிடந்த அஞ்சல்களை அன்பெனும் கயிற்றால் கட்டி இழுத்த அருந்தகையீரே! கடவுச்சொல் மறந்தவர்க்குக் கைவிளக்கே! கணினி கண்டு கலங்கியவர்க்குக் கலங்கரை விளக்கே! தீவுக்குத் தீவு திரையில் தோன்றிய பிழைச்செய்தி எதுவாயினும், தொலைபேசியின் மறுமுனையில் திகட்டாமல் ஒலித்த தெளிகுரலே! சிலோயே தீவுப் பணிநிலையங்களின் மின்னஞ்சல் உதவிப் பிரிவில் கருத்த தலையோடு வந்து சேர்ந்து, வெளுத்த தலையோடு இன்று பணி நிறைவு பெறும் திருமிகு ரோசமேல் கொலிவோரோ அவர்களே! உடன் பணியாற்றிய நாங்கள் உள்ளம் கனத்து உவந்தளிக்கும் பாராட்டு மடல் இது.

இந்த அடைமொழிகளை எழுதி முடித்தபோது எங்களுக்கே மூச்சு வாங்கியது. தங்களுக்கு இவை பிடிக்காது என்பது தெரியும். "யாருப்பா இந்தத் தெளிகுரலு, புதுசா வேலைக்குச் சேந்திருக்காரா?" என்று கேட்பீர்கள் என்பதும் தெரியும். ஆனாலும் சட்டம் போட்டு மகள் வீட்டுச் சுவரில் மாட்டப்படும் மடல் கொஞ்சம் நகை அணிந்துதான் நிற்க வேண்டும் என்று விட்டுவிட்டோம். நகைகள் அந்தப் பத்தியோடு சரி. மீதியைத் தாங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அடுப்புக்கு விறகு வைத்துவிட்டு வருகிறேன் என்று வழக்கம்போல எழுந்து போகக் கூடாது. விறகு வேண்டிய மட்டும் வைத்தாயிற்று.

ஐயா! தாங்கள் காஸ்த்ரோ நகருக்கு வந்து இந்த நாற்காலியில் அமர்ந்த காலத்தில்தான் பழுப்பேறிய கணினிகள் படகேறித் தீவுகளுக்குப் போகத் தொடங்கின. பள்ளிக்கு ஒன்று, சுகாதார நிலையத்துக்கு ஒன்று, மீனவர் சங்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஓர் அஞ்சல் செயலி இருந்தது. அதற்கென்று ஒரு குணமும் இருந்தது. சர்வரைக் காணவில்லை என்று ஒரு நாள் முறையிடும். கண்டேன், ஆனால் அது என்னோடு பேச மறுக்கிறது என்று மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். வர வேண்டிய அஞ்சல் வரும், போக வேண்டியது அவுட்பாக்ஸில் படுத்துக்கொண்டு எழுந்திருக்காது. எல்லாவற்றையும்விட மோசம், கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே இருப்பது. கொடுத்தால் மறுபடி கேட்கும், மறுபடி கொடுத்தால் மறுபடியும் கேட்கும். தீவில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குத் தன் பேச்சை யாரும் நம்பவில்லை என்று தோன்றிவிடும். அப்படித் தோன்றித் தொலைபேசியில் அழுதவர்கள் உண்டு.

"அது உன்னச் சந்தேகப்படல தாயி," என்பீர்கள் தாங்கள். "அதுக்கு எதிர்ல யாருமே தெரியல. இருட்டுல நிக்கறவன் யாரு, யாருன்னு கேக்கற மாதிரி கேக்குது, அவ்வளவுதான். மொதல்ல லைன் இருக்கான்னு பாப்போம். பாஸ்வேர்டு பாவம், அத விடு."

பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள். கணினிக் கடிகாரம் இந்த ஆண்டைத்தான் காட்டுகிறதா, வைரஸ் தடுப்பு வாசலில் நின்று வழி மறிக்கிறதா, ஆஃப்லைன் பொத்தானில் யாருடைய விரலாவது தெரியாமல் பட்டதா, போர்ட் எண் சரிதானா. அவசரம் என்பதே தங்கள் குரலில் இருந்ததில்லை. மீனவர் சங்கச் செயலாளர் தன் பேத்தியின் ஞானஸ்நானப் படங்கள் அத்தனையையும் எல்லாத் தீவுகளுக்கும் ஒரே மூச்சில் அனுப்பி, எல்லோருடைய அஞ்சல் பெட்டியும் அடைத்துக்கொண்ட வாரம் நினைவிருக்கிறதா? நாங்கள் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். தாங்கள் அவரை அழைத்து, "படமெல்லாம் லட்சணமா இருக்கு மாமா. இனிமே ஒண்ணொண்ணா அனுப்புங்க. ரசிக்கறதுக்கு நேரம் வேணும்ல?" என்றீர்கள். அவர் மனம் நோகவில்லை, பெட்டியும் திறந்துகொண்டது. அவர் இன்றைக்கும் ஒண்ணொண்ணாகத்தான் அனுப்புகிறார்.

ஆனால் இத்தனைக்கும் முன்னால், வணக்கம் சொன்ன கையோடு, தாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீடு இருந்த எடத்துலயே தான இருக்கு?"

முதல்முறை கேட்பவர்கள் திகைத்துப் போவார்கள். "எங்க போகும் ஐயா, இங்கயே தான் நிக்குது," என்று சிலர் சிரிப்பார்கள். "ஏன், ஏதாவது நிலநடுக்கமா?" என்று சிலர் பதறுவார்கள். தாங்கள் சிரிக்கவும் மாட்டீர்கள், விளக்கவும் மாட்டீர்கள். "இருக்குதுல்ல, சரி, அப்ப மேல போவோம்," என்று அடுத்த கேள்விக்குப் போவீர்கள். பக்கத்து மேசையில் இருக்கும் நோல்ஃபா பார்ரியாவுக்கு அது தினசரிக் கேலி. காலையில் நனைந்த மேலங்கியை உதறிக்கொண்டே, "ஐயா, மேசை இருந்த எடத்துலயே தான் இருக்கு, மாத்தே டீ போட்டுரலாமா?" என்பாள். தாங்களும் சலிக்காமல் தலையாட்டுவீர்கள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம். லிங்காவே தீவுக்காரர்கள் தங்கள் சுகாதார நிலையத்தைக் கணினியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போன கதையை ஒவ்வொரு ஆண்டு விருந்திலும் யாராவது எடுத்துவிடுவோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அந்த நேரம் பார்த்துத் தாங்கள் எழுந்து அடுப்புக்கு விறகு வைக்கப் போவீர்கள். அடுப்பு அப்போது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கும். அதை ஒருவராவது கவனித்திருக்க வேண்டும்.

சென்ற மாதம் இந்த விழாவைப் பற்றித் தங்களிடம் சொன்னபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. மடல் எழுதப் போகிறோம் என்று நோல்ஃபா சொல்லி முடிக்கவில்லை.

"பாராட்டா? எனக்கா?" என்றீர்கள். தங்கள் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டது அன்றுதான். "லிங்காவேல ஒருத்தனுக்கு ஒரு கண்ணு போச்சு, என்னால. அந்த ஆர்னோல்டோ ராயின் இருக்கான் பாரு, அவன்ட்ட கேட்டுட்டு எழுதுங்க. அவன் சரின்னு சொன்னா நான் வாங்கிக்கறேன். இல்லன்னா சட்டம் கிட்டம்னு காச வீணாக்காதீங்க."

சொல்லிவிட்டு மேலங்கியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டீர்கள். நோல்ஃபா தங்கள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, போய்க் கேட்டுட்டு வரேன்," என்றாள்.

போனாள் ஐயா. அவள் அங்கே கண்டதையும் கேட்டதையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் மிங்கா என்னும் எங்கள் வழக்கத்தைப் பற்றி. தங்களுக்கு இது தெரியாததல்ல. தாங்கள் மகளோடு குடியிருக்கப் போகும் வடக்கத்து அன்தோஃபகாஸ்தாவில், மழையே காணாத ஊரில், தங்கள் மருமகனின் நண்பர்கள் சுவரில் இதைப் படித்துத் தலையைச் சொறியக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். எங்கள் தீவுகளில் நிலம் கெட்டால் வீட்டைக் கைவிட்டுப் போகும் வழக்கமில்லை. வீட்டையே அடித்தளத்திலிருந்து பெயர்த்து, உருளைமரங்கள்மேல் ஏற்றி, மாடுகள் பூட்டி, ஊர் கூடி இழுத்து, வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைப்போம். கூலி என்ற பேச்சே கிடையாது. இழுத்தவர் அத்தனை பேருக்கும் வயிறார விருந்து வைக்க வேண்டும், அதுதான் கணக்கு. கூடவே ஒரு பெருமையும் உண்டு. இழுத்து வைத்தபின் உள்ளே போய்ப் பார்த்தால் அலமாரியில் வைத்த கோப்பை வைத்தபடி இருக்க வேண்டும். ஒரு தட்டு உடைந்தாலும் அந்த ஊரின் பெயர் கெட்டது என்று பொருள்.

லிங்காவேயில் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்து, சுகாதார நிலையத்தின் பின்படி வரை வந்துவிட்டிருந்தது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. மாடுகளை ஓட்டியவர் ஆர்னோல்டோ ராயின். அங்கே செவிலியாக இருக்கும் ஓர்ஃபெலினா நாவுத்தோ கணினியை அணைத்து, கம்பளிக் கயிற்றால் மேசையோடு கட்டிவிட்டு, தானும் கயிறு பிடிக்க வெளியே வந்துவிட்டாள். வீடு கரையைவிட்டு ஏறி, மேய்ச்சல் நிலம் தாண்டி, சர்ச்சுக்கு எதிரே வந்து நின்றது. கடற்காற்று நேராக உள்ளே அடிக்கக் கூடாது என்று ஆர்னோல்டோ பிடிவாதம் பிடித்ததால், வாசலை மறுபக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். காஸ்த்ரோவைப் பார்த்து இணைய லைன் வாங்கிக்கொண்டு கூரைமேல் இருந்த ஆன்டெனாவும் வீட்டோடு வந்தது, வீட்டோடு திரும்பியது. மின்சாரம் கொடுத்தார்கள். விளக்கு எரிந்தது. குழி தோண்டி, கல் சுட வைத்து, சிப்பியும் பன்றியிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி, குராந்தோ வேகவைத்து, சிச்சா என்னும் ஆப்பிள் மது குடித்து ஆடிப்பாடி முடித்தார்கள். ஒரு கோப்பைகூட அசையவில்லை.

மறுநாள் அஞ்சல் செயலி கடவுச்சொல் கேட்டது.

ஓர்ஃபெலினாவுக்குக் கைபேசியில் சிக்னல் கிடைக்கும் இடம் கல்லறை மேடு ஒன்றுதான். மேலே ஏறித் தங்களை அழைப்பாள். தாங்கள் சொல்வதை மனப்பாடம் செய்துகொண்டு கீழே ஓடுவாள், செய்து பார்ப்பாள், மறுபடி மேலே ஏறுவாள். அவள் முதல்முறை அழைத்தபோது தாங்கள் கேட்டது என்ன என்பதை அவள் நோல்ஃபாவிடம் சொன்னாள். தாங்கள் மறந்திருக்கலாம். அவள் மறக்கவில்லை.

"எதையாவது மாத்துனீங்களா தாயி?" என்று கேட்டீர்கள். "புதுசா எதையாவது போட்டீங்களா, எடுத்தீங்களா, நகத்துனீங்களா?"

"ஒண்ணுமே மாத்தல ஐயா," என்று அவள் சொன்னாள், பெருமை பொங்க. "எல்லாம் வச்சது வச்ச மாதிரி இருக்கு. ஒரு கப்பு கூட அசையல."

அவள் பொய் சொல்லவில்லை. நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். வீட்டை இழுப்பது மாற்றம் என்று எந்தச் சிலோயேக்காரனுக்குத் தோன்றும்? தாங்களும் நம்பினீர்கள். கடவுச்சொல்லை மாற்றச் சொன்னீர்கள். கடிகாரம் பார்க்கச் சொன்னீர்கள். வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொன்னீர்கள். கடைசியில் கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னீர்கள். பாவம் அந்தப் பெண், மழைச்சேற்றில் மேடேறி இறங்கியே முழங்கால் வீங்கிப் போனாள். நாட்கள் போயின. தாங்கள் சர்வர்காரர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அவர்களோ எங்கள் பக்கம் எல்லாம் சரி என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பவும் கேக்குது ஐயா," என்றாள் கடைசியில், அழுகிற குரலில். "காலையிலேருந்து ஜன்னல்கிட்டயே உக்காந்து, அந்தச் சர்ச் கோபுரத்தப் பாத்துக்கிட்டே அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன்."

"என்னத்தப் பாத்துக்கிட்டு?"

"சர்ச் கோபுரத்த."

"உன் ஜன்னல்ல கடல் தானே தாயி தெரியும்? எத்தன தடவ கடல் எப்படி இருக்குன்னு உன்ட்ட கேட்ருக்கேன்."

"அது பழைய எடத்துல ஐயா. இப்பதான் வீட்ட இழுத்துட்டோமே."

லைன் போய்விட்டதோ என்று அவள் கைபேசியை உதறிப் பார்த்தாளாம். பிறகு, "அம்மாடி, உன் ஆன்டெனா இப்ப யாரப் பாத்துக்கிட்டு இருக்கு?" என்று கேட்டீர்கள். அது நடுக்கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதுவரைதான் ஐயா எங்கள் விருந்துக் கதை. இந்த இடத்தில்தான் சிரிப்போம். இதற்குப் பின் நடந்தது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆன்டெனாவைத் திருப்பக் கூரைமேல் ஏறியவர் ஆர்னோல்டோ. அவர் மேலே நின்று, "இந்தப் பக்கமா? இன்னும் கொஞ்சமா?" என்று கத்த, ஓர்ஃபெலினா உள்ளிருந்து, "இன்னும், இன்னும், நிறுத்துங்க மாமா!" என்று கத்தினாள். லைன் பிடித்தது. தேங்கிக் கிடந்த அஞ்சல்கள் மடமடவென்று இறங்கின. அவற்றில் ஒன்று பெருநிலத்து மருத்துவமனையிலிருந்து வந்திருந்தது. ஆர்னோல்டோ ராயினின் வலது கண் அறுவைக்கு வெகுகாலம் காத்திருந்த முறை வந்துவிட்டது, வருவதாயிருந்தால் உடனே பதில் எழுதவும், இல்லையேல் முறை அடுத்தவருக்குப் போகும் என்று இருந்தது. பதிலுக்குக் கொடுத்திருந்த கெடு முந்தின மாலையோடு முடிந்திருந்தது.

"மாமா, எறங்கி வாங்க," என்றாள் ஓர்ஃபெலினா.

"லைன் நிக்குதா, நிக்கலயா? அதச் சொல்லு மொதல்ல. இங்க காத்து தள்ளுது," என்றார் அவர் கூரையிலிருந்து.

தாங்கள் மருத்துவமனையை எத்தனை முறை அழைத்தீர்கள் என்பது ஓர்ஃபெலினாவுக்குத் தெரியும். கெஞ்சியதும் தெரியும். முறை போனது போனதுதான். அடுத்த முறை வந்தபோது குளிர்காலம் ஒன்று கழிந்திருந்தது, அந்தக் கண்ணில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்துதான் தங்களுடைய அந்த முதல் கேள்வி. நாங்கள் கேலி பேசிய ஒவ்வொரு காலையிலும் தாங்கள் நினைத்துக்கொண்டது அந்தக் கண்ணை.

நோல்ஃபா படகில் போன அன்று கடல் நல்லபடியாக இல்லை. அவளுக்குக் குமட்டல் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கண்ணை இழந்தவரிடம் போய், கண் போகக் காரணம் என்று தன்னையே சொல்லிக்கொள்பவருக்குப் பாராட்டு எழுதலாமா என்று எப்படிக் கேட்பது? ஆப்பிள் கேக் ஒன்றைச் செய்து மடியில் வைத்திருந்தாள். கரை சேர்ந்தபோது அது பாதி நசுங்கியிருந்தது.

சுகாதார நிலையத்தில் ஓர்ஃபெலினா அவளுக்கு மாத்தே கொடுத்து உட்கார வைத்தாள். சற்று நேரத்தில் ஆர்னோல்டோ வந்தார். நல்ல உயரம், கம்பளித் தொப்பி, வலது இமை பாதி மூடியபடி. நோல்ஃபா ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு முழுவதும் மறந்துவிட்டது. கேக்கை நீட்டினாள்.

"இது என்ன, மாடு மிதிச்சதா?" என்றார் அவர்.

அந்த ஒரு கேலியில் அவளுக்கு உயிர் வந்தது. வந்த காரியத்தைச் சொன்னாள். தாங்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு இன்னுமா அதயே நெனச்சுக்கிட்டு இருக்காரு?" என்றார். "அடக் கடவுளே. வாசலத் திருப்பி வைடான்னு அடம் பிடிச்சது யாரு? நான். ஆன்டெனாவக் கடலப் பாக்க வச்சது யாரு? நான். எதுவும் மாத்துனீங்களான்னு மனுஷன் ஒழுங்காத்தான கேட்ருக்காரு. வீட்ட இழுத்தோம்னு சொல்லாம விட்டது நாங்க. யாரையாவது திட்டணும்னா என் மாட்டத் திட்டு, என்னத் திட்டு. அவருக்கும் இதுக்கும் என்னம்மா?"

"நீங்க ஒரு தடவ வந்து அவர்கிட்ட இதச் சொல்லிருக்கலாமே மாமா," என்றாள் நோல்ஃபா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. "சந்தைக்கு காஸ்த்ரோ வரப்பல்லாம் உங்க ஆபீஸ் தெருவுல நடக்கவே மாட்டேன். சுத்திப் போவேன். என்னப் பாத்தா அவரு மொதல்ல இந்தக் கண்ணத்தான் பாப்பாரு. பாத்துட்டு மனசு கஷ்டப்படும். எதுக்கு அந்த மனுஷனச் சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன்."

"ஐயாவும் சந்த நாளுல தெருப் பக்கம் போக மாட்டாரு," என்றாள் நோல்ஃபா. "ரொட்டி வாங்கிட்டு வரச் சொல்லி என்னத்தான் அனுப்புவாரு."

ஒரு தெரு. அதன் ஒரு முனையில் ஒருவர் சுற்றிப் போயிருக்கிறார், இன்னொரு முனையில் ஒருவர் வெளியே வராமல் இருந்திருக்கிறார். இத்தனை ஆண்டுகள். நோல்ஃபாவுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

"அழாத," என்றார் ஆர்னோல்டோ. "ஒண்ணு மட்டும் எனக்கு நெருடிக்கிட்டே இருக்கு. அன்னைக்கு வீட்ட இழுத்தவங்க எல்லாருக்கும் சாப்பாடு போட்டாச்சு. அவரும் கூட நின்னு இழுத்தவருதான, இந்த லைனு பிடிக்கற வரைக்கும். அவரு ஒருத்தருக்கு மட்டும் போடல. ஊருக்கு அது கேவலம். மடல் எழுது, நல்லா எழுது. அத நானே வந்து அவரு கையில குடுக்கறேன். குடுத்துட்டுக் கையோட கூட்டிட்டு வந்துர்றேன்."

ஆகையால், ஐயா, பாராட்டலாம் என்று லிங்காவே சொல்லிவிட்டது. தாங்கள் இட்ட நிபந்தனை நிறைவேறிவிட்டது. இந்த மடலைத் தங்கள் கையில் தரப்போவது நாங்கள் அல்ல. முன்வரிசையில் தங்கள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியை அவருக்காக விட்டு வைத்திருக்கிறோம். தங்கள் நாவிலிருந்து அந்தக் கேள்வி இனி எங்கள் காதில் விழாது என்பதே எங்களுக்குப் பெரும் வருத்தம். நாளை முதல் தீவுகளின் அழைப்புகள் தலைநகருக்குப் போகும். ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும். ஜன்னலில் என்ன தெரிகிறது என்று அது கேட்கப் போவதில்லை.

நலம் நிறைந்து, வளம் சிறந்து, வற்றாத உடல்திடத்தோடு தாங்கள் நெடுங்காலம் வாழ்க! மழையில் வளர்ந்த மேனிக்குப் பாலை வெயில் பதமாய் அமைக! பேரப்பிள்ளைகள் தங்கள் பொறுமையைச் சோதிக்குமளவு பெருகுக!

மடல் இத்துடன் முடிந்திருந்தது. அச்சிட்டு, சட்டமும் போட்டாயிற்று. கீழே உள்ளதை இன்று காலை கண்ணாடியைக் கழற்றி, அடியில் இருந்த வெற்றிடத்தில் நோல்ஃபா கையால் எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள்க.

நேற்று மாலை முதல் புயற்காற்று. சிறுபடகுகளுக்குத் துறைமுகம் மூடப்பட்டுவிட்டது. லிங்காவேயிலிருந்து ஒரு படகும் கிளம்பவில்லை. தங்களுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதற்குக் காரணம் அதுதான், வேறில்லை. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தாங்களோ ஞாயிறன்று வடக்கே கிளம்புகிறீர்கள். இத்தனை ஆண்டுகள் கடல் அமைதியாகக் கிடந்தபோதெல்லாம் போகாமலும் வராமலும் இருந்துவிட்டு, இருவருக்கும் மனம் வந்த வாரத்தில் அது மூடிக்கொண்டதே என்று நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆனால் இன்று காலை அலுவலகத்தைத் திறந்தபோது தங்கள் பெட்டியில் ஓர் அஞ்சல் வந்திருந்தது. தங்கள் பெயருக்கு வந்ததை நாங்கள் படித்தது தவறுதான். படித்ததை அப்படியே இங்கே எழுதுகிறோம்.

"ரோசமேல் ஐயாவுக்கு. ஆர்னோல்டோ மாமா சொல்லச் சொல்ல ஓர்ஃபெலினா அடிக்கிறேன். படகு விட மாட்டேங்கறாங்க, வர முடியல. வீடு இழுத்து வச்ச எடத்துலயே தான் இருக்கு. ஆன்டெனா நான் திருப்புன பக்கமே, உங்க ஊரத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. நீங்க இந்தப் பக்கம் வரல, நான் அந்தப் பக்கம் வரல, ரெண்டு பேரும் பண்ணது தப்பு. துறைமுகம் தெறந்ததும் வாங்க. உங்க விருந்துக்குக் கல்லு காய நேரம் ஆகும், அதனால வரேன்னு ஒரு வரி போட்டுட்டு வாங்க. லைன் நல்லாத்தான் இருக்கு."

ஐயா, விதிப்படி தங்கள் மின்னஞ்சல் கணக்கு இன்று மாலையோடு மூடப்படும். அதற்குள் அனுப்ப வேண்டிய பதில் ஒன்று மீதமிருக்கிறது. தங்கள் கணினியை அணைக்காமல், பதில் எழுதும் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறோம். கைதட்டல் முடிந்ததும் உள்ளே போய் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். வடக்கே போகும் பேருந்து வாரம் முழுக்க இருக்கிறது.

பிரிய மனமில்லாமல்,
தங்கள் அடுப்பைச் சுற்றி அமர்ந்து பணியாற்றிய
தீவுப் பணிநிலையங்களின் மின்னஞ்சல் உதவிப் பிரிவினர்,
காஸ்த்ரோ, சிலோயே.